முனியாண்டி யார்? சாட்பாட்டில் பயோ எழுதிய இரண்டு வருட அனுபவம்

போன வாரம் கூடப் படித்த தோழி வாட்சாப்பில் கேட்டாள், பயோ எழுத எந்த சாட்பாட் நல்லது, காசு கட்டி வாங்கலாமா என்று. அவள் கிள்ளானில் கல்யாண மேக்கப் போடுகிறாள், ஏதோ கண்காட்சிக்குத் தன்னைப் பற்றி நூறு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், அன்று காலையில்தான் அந்தச் சனியனோடு சண்டை போட்டிருந்ததால் இவ்வளவு நீளமாகிவிட்டது.

என் கடை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். போட்டோஸ்டாட், லெமினேட், பாரம் நிரப்புவது, ரிசூம் அடித்துக் கொடுப்பது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்ததாம், எனக்கு அடுத்த வருடம்தான் மகன் போனில் காட்டினான். அதிலிருந்து மூன்று சாட்பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. எது எது என்று பெயர் சொல்லப் போவதில்லை, நான் திட்டப் போகும் விஷயத்தில் மூன்றும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள்.

வேகம், மலாய், இங்கிலீஷ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் குறை இல்லை. முன்பு ஒரு பயோவுக்கு ஒரு சாயங்காலம் போகும், இப்போது இருபது நிமிடம். லிங்க்ட்இன்னில் தலைப்பு வரிக்கு 220 எழுத்து, 'அபௌட்' பகுதிக்கு 2,600 எழுத்து என்று அளவு வைத்திருக்கிறார்களே, அதற்குள் அடக்கச் சொன்னால் அடக்கிவிடும். தமிழில் மட்டும் கவனம், கம்ப்யூட்டர் கணக்கில் 'கி' என்பது இரண்டு எழுத்து.

என் பிரச்சினை பெயர்.

ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நம் பெயர் எப்படி இருக்கும்? சுப்ரமணியம் ஏ/எல் முனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். மலாயில் அனாக் லெலாகி, மகன். பெண்ணாக இருந்தால் ஏ/பி, அனாக் பெரெம்புவான், மகள். முனியாண்டி அப்பாவின் பெயர், அவ்வளவுதான், குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இங்கிலீஷ்காரன் வழக்கத்தில் முதல் வரியில் முழுப் பெயர், இரண்டாவது வரியிலிருந்து கடைசிப் பெயர் மட்டும் வரும். சாட்பாட் படித்து வளர்ந்த பக்கங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும், அடுத்து எந்தச் சொல் வரும் என்று பார்த்து எழுதுவதுதான் அதன் வேலை, அதனால் இரண்டாவது வரியிலேயே 'மிஸ்டர் முனியாண்டி' வந்து நின்றுவிடுவார்.

முதலில் மாட்டியவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லில் வேலை செய்யும் ஒரு சார்ஜ்மேன் அண்ணன். பயிற்சி கொடுப்பவராகப் பதிவு செய்ய புரொஃபைல் கேட்டிருந்தார்கள். இங்கே சார்ஜ்மேன் என்றால் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் மின்சாரக்காரர், மில்லில் சுவிட்ச்போர்டுக்குப் பொறுப்பானவர். சாட்பாட்டோ அவரை ஆட்களை மேய்க்கும் ஃபோர்மேன் ஆக்கியிருந்தது, அதைத் திருத்தினேன், பெயரைக் கவனிக்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மிஸ்டர் முனியாண்டிக்கு மின்சாரத் துறையில் இருபது ஆண்டு அனுபவமா? ஏம்மா, எங்கப்பாவுக்கு பியூஸ் கட்டையே மாத்தத் தெரியாது. ஸ்டோருக்கும் பால்மரத்துக்கும் நடந்தே செத்தவரு." இருவரும் சிரித்தோம். திருத்தி வேறு பிரதி கொடுத்தேன். போகும்போது பழைய பிரதியைக் குப்பைத் தொட்டியிலிருந்து அவரே எடுத்தார், லெமினேட் பண்ணித் தரச் சொன்னார். இரண்டு வெள்ளி (ரிங்கிட்). வேண்டாம் என்றேன், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இதை நல்ல கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். முடியவில்லையே. அடுத்தது டயாலிசிஸ் சென்டரில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, கல்யாணமானவள். தகவலில் கல்யாணமானவள் என்று போட்டிருந்தேன், அது என் தப்பு. 'மிசஸ்' போட்டு அப்பா பெயரை ஒட்டி மூன்று பத்தி எழுதி வைத்திருந்தது. பெற்ற அப்பனையே புருஷனாக்கிவிட்டது. அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டி எழுதினால், நீங்கள் சொல்வது மிகச் சரி, மன்னிக்கவும், ஏ/பி என்பது தந்தையின் பெயரைக் குறிப்பது என்று எனக்கே பாடம் நடத்துகிறது. தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறது!

சரி, விதி எழுதி வைப்போம் என்று நிரந்தர அறிவுரை போடும் இடத்தில் போட்டேன்: ஏ/எல், ஏ/பிக்குப் பின்னால் வருவது அப்பா பெயர், அதைத் தனியாக எழுதாதே, சொந்தப் பெயரை மட்டும் எழுது. பத்துக்கு எட்டு முறை கேட்கிறது. முதல் பிரதி சுத்தமாக இருக்கும். சுருக்கு என்றால் சுருக்கும், மலாயில் மாற்று என்றால் மாற்றும், நான்காவது திருத்தத்தில் கண் அசந்த நேரம் பார்த்து அப்பா திரும்பி வந்துவிடுவார். இன்னொரு திருட்டு வேலை, எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) பிறப்புப் பத்திரத்துக்குச் சொல்லி அனுப்பியதுதான் நம் ஆட்களின் பெயர், லெட்சுமி என்றால் லெட்சுமிதான். இது தானாக லக்ஷ்மி ஆக்கிவிடும். ஐசியில் ஒன்று, பயோவில் ஒன்று இருந்தால் கவுண்டரில் நிற்கப் போவது யார்?

தோட்டத்தில் பிறந்தவர் என்று ஒரு வார்த்தை கொடுத்தால் போதும், 'வறுமையின் பிடியிலிருந்து மீண்டெழுந்த' என்று ஆரம்பித்துவிடும். ஒரு முறை தேயிலைத் தோட்டம் என்றுகூட எழுதியது. இந்தப் பக்கத்தில் பால்மரமும் (ரப்பர்) செம்பனையும்தான், தேயிலைக்கு மலையேற வேண்டும். அதுவாவது படித்தவுடன் கண்ணில் படும், வெட்டிவிடலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் பாவம். நம் ஆட்களிடம் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். "என்னத்தச் சொல்றது, சும்மா வேலைதான்" என்பார்கள். அந்த டயாலிசிஸ் தங்கச்சியும் அப்படித்தான், அரை மணி நேரம் கேட்டு நான்கு வரிதான் தேறியது. அதை வைத்து சாட்பாட் 'கருணை உள்ளமும் அர்ப்பணிப்பும் மிக்க' என்று ஒரு பக்கம் ஊதியிருந்ததைப் படித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கருணையெல்லாம் வேணாம்கா. ஒருத்தருக்கு ரத்தக்குழாய் கிடைக்கலைன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க, முதல் குத்திலேயே ஊசி ஏத்திருவேன். பன்னெண்டு வருசமா வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் படுக்குற ஆளுங்க. ரெண்டு தடவை குத்துனா அவங்களுக்கு அன்னிக்கு நாளே போச்சு." இதைத்தானே அம்மா அரை மணி நேரமாகக் கேட்டேன்! அப்படியே எழுதினோம். அன்றைக்குக் கற்றுக்கொண்டது, பொய்யாக ஊதிய பிரதியை முதலில் கையில் கொடுத்துவிட வேண்டும், அதை மறுக்கிற சாக்கில் உண்மை தானாக வெளியே வரும். இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் சொந்தத் திறமையில் இருபது வருடமாக வராத விவரமெல்லாம் இப்போது வருகிறது. இதற்கு மட்டுமே மாதம் 20 டாலர் கொடுக்கலாம், நம் காசுக்கு எண்பது வெள்ளி பக்கம் வருகிறது, நான்கைந்து பயோவில் கைக்கு வந்துவிடும்.

இனி தோழிக்கு. ஐசி எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போடாதே. முழுப் பெயரையும் போடாதே, உன் பெயரை மட்டும் கொடு, ஏ/பி வேண்டாம், எழுதி முடிந்தபின் நீயே கையால் சேர்த்துக்கொள். சான்றிதழ்களைப் படம் பிடித்து ஏற்றினால் அதிலிருந்தும் அப்பா பெயரை எடுத்துவிடும், அதனால் விவரத்தை டைப் பண்ணிக் கொடு. இந்த வழியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வேலை செய்கிறது. வேலை செய்வதுதான் எனக்கு எரிச்சல். அப்பா பெயரை மறைத்தால்தான் பிள்ளை பெயர் சரியாக வருமாம்.

இன்னொன்று, அன்று காலைச் சண்டை என்ன என்று சொல்லவில்லையே. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு என்னைப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அறிவிப்பாளர் வாசிக்க ஐந்து வரி வேண்டும். என்னுடையதுதானே என்று சோம்பலில் முழுப் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான்கு வரி அருமை. ஐந்தாவது வரியில் என் அப்பா சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை நடத்துகிறார். அவர் உயிரோடுதான் இருக்கிறார், பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். "அப்போ இன்னிக்குக் கடையை நான் பாத்துக்குறேன், நீ போய்ப் பசியாறு" என்றார்.

சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, நான் புதுப்பிக்கவில்லை. நீ வாங்கு, நன்றாகத்தான் இருக்கிறது.