கழிவுப் பைக்குப் பார்கோடு: 4 வருட அனுபவம்

எங்கள் ஆய்வகத்தின் கதிரியக்கக் கழிவுக் கணக்கைப் பதிவேட்டிலிருந்து பார்கோடு மென்பொருளுக்கு மாற்றி 4 வருடம் ஆகிறது. மென்பொருளின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிதைவுக் கணக்கை அதுவே போட்டுக்கொள்கிறது. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 14.3 நாள். வழக்கப்படி 10 அரை ஆயுள், அதாவது 143 நாள், பையை ஒதுக்கி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நாள் கழிந்ததும் அந்தப் பை பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். வாங்கியது, சோதனைக்கு எடுத்தது, கழிவில் போனது மூன்றும் ஒத்துவராவிட்டால் மாதக் கணக்கை மூட விடாது. முன்பு இதற்கே எனக்கு இரண்டு நாள் போகும்.

ஆனால் பையில் முதல் டியூப் விழுந்த தேதியிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுகிறது. பையோ இன்னும் மூன்று வாரம் வாய் திறந்தே இருக்கும். கட்டி மூடிய தேதிதானே கணக்கு? அதை மாற்ற ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது.

அதைவிடத் தலைவலி, கலப்பு. ஒருமுறை 143 நாள் முடிந்து திரை பச்சை காட்டியது. வெளியிலிருந்து கதிர்வீச்சு மீட்டரைப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பையைப் பிரித்து ஒட்டிப் பிடித்தால் படபடவென்று சத்தம். விசாரித்தபோது ஒரு மாணவர் தலையைச் சொறிந்தார்: சல்பர்-35 பட்ட பிப்பெட் டிப் 'ரெண்டு மூணு' போட்டாராம். அதன் பீட்டா கதிர் பலவீனமானது, பையே பாதியைத் தடுத்துவிடும். அரை ஆயுளோ 87 நாள். எந்த டிப் என்று இனிப் பொறுக்கவா முடியும்? பை முழுக்க 870 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

டிரிட்டியத்துக்கும் (கதிரியக்க ஹைட்ரஜன்) மென்பொருளில் மற்றவற்றைப் போலவே 'மீட்டர் அளவு' என்ற கட்டம்தான். அதில் 0 என்று போட்டால் மென்பொருள் சரி என்கிறது. கைகர் மீட்டருக்கு டிரிட்டியம் கண்ணுக்கே தெரியாது. துடைத்தெடுத்து, கதிர் எழுப்பும் ஒளியை எண்ணும் சிண்டிலேஷன் கவுண்டரில் எண்ணினால்தான் உண்டு. அந்த எண்ணை நாங்கள் குறிப்புப் பகுதியில் எழுதுகிறோம்.

அப்புறம் அந்த லேபிள். வெப்ப அச்சுத் தாள். ஆல்கஹால் பட்டதும் மங்கி, ஸ்கேனர் படிக்க மறுத்தது. இப்போது ஒவ்வொரு பையிலும் பென்சிலில் எழுதிய அட்டையும் ஒன்று தொங்குகிறது.

அந்தக் கலப்புப் பை மூலை அலமாரியில்தான் இருக்கிறது. நேற்று ஸ்கேன் செய்தேன். இன்னும் 211 நாள்.