வினாத்தாளா, விவரக் குறிப்பா, அருகில் அமர்த்திக் கேட்பதா? முதல் மூன்று வகுப்புகளுக்கான மதிப்பீடு

ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வேண்டுமா என்ற விவாதத்தில் எப்போதும் இரண்டு கட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. பிஞ்சு மனத்தில் பயத்தை விதைக்காதீர்கள் என்கிறது ஒன்று. தேர்வு இல்லையென்றால் பிள்ளையும் படிக்காது, பள்ளியும் கற்பிக்காது என்கிறது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தேர்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வியை இரு தரப்பும் வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

அதற்கு நடைமுறையில் மூன்று விடைகள் இருக்கின்றன. மதிப்பெண்ணோடு கூடிய எழுத்துத் தேர்வு ஒன்று. மதிப்பெண்ணை நீக்கிவிட்டு ஆசிரியர் ஆண்டு முழுவதும் கவனித்து எழுதும் விவரக் குறிப்பு இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அருகில் அமர்த்தி, வாசிக்கச் சொல்லியும் கணக்குச் செய்யச் சொல்லியும் ஐந்து நிமிடம் கேட்பது மூன்றாவது. பிள்ளையின் ஓவியம், எழுத்து, கைவேலை ஆகியவற்றைக் கோப்பில் சேர்த்துவைக்கும் தொகுப்பு முறையும் உண்டு. பெற்றோரிடம் காட்ட அது மிக நல்லது. ஆனால் தனித்து நின்று மதிப்பீட்டின் வேலையைச் செய்ய அதனால் முடியாது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கிறேன். மதிப்பீட்டில் தெரியவந்த செய்தி, மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்காக எதையாவது மாற்றுகிறதா?

எழுத்துத் தேர்வு

இதன் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் ஒரே வினா, ஒரே நேரம். ஆசிரியரின் விருப்பு வெறுப்பு நுழைய இடம் குறைவு. நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் பத்துக்கு மூன்று என்றால் என்னவென்று புரியும். தேர்வை எதிர்ப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை எளிதாக மறந்துவிடுகிறார்கள். பள்ளியோடு தனக்கு இருந்த ஒரே சாளரத்தை மூடிவிட்டார்கள் என்று அந்தத் தாய் நினைத்தால் அதில் தவறில்லை.

சிக்கல் வயதில் இருக்கிறது. இந்த வயதில் எழுத்துத் தேர்வு எதை அளக்க வந்தாலும், வாசிப்பையும் எழுதும் வேகத்தையுமே முதலில் அளக்கிறது. "கூடையில் 14 பூக்கள் இருந்தன, 6 பூக்களை எடுத்தால் மீதி எத்தனை?" என்ற வினாவை வாசிக்க முடியாத சிறுமி கணக்கில் சுழியம் வாங்குகிறாள். அதையே வாயால் கேட்டால் விரலை மடக்கி எட்டு என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் கணக்கு வராது என்று தேர்வுத்தாள் சொல்கிறது. அது பொய்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொய் உண்டு. பாடத்தின் கீழே உள்ள வினா விடைகளை உருப்போட்டு, அட்சரம் பிசகாமல் எழுதும் பிள்ளை முழு மதிப்பெண் பெறுகிறான். அதே சொற்களை வைத்து எழுதிய வேறொரு சிறுகதையைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். வாசிக்கத் தெரியாமலே தேர்ச்சி பெற்று மேலே போகும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

சரியாக அளந்தாலும்கூட மதிப்பெண் எதையும் விளக்குவதில்லை. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். கவனக்குறைவு அதற்குக் காரணம் அன்று. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தாங்களே ஒரு விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அந்த விதி அப்படியே தலைக்குள் தங்கிவிடும். "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வயது இடைவெளியையும் யோசிக்க வேண்டும். ஒரே முதல் வகுப்பில் ஏறத்தாழ ஓராண்டு மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. இவர்களை ஒரே தாளால் அளந்து முதலிடம், கடைசி இடம் என்று வரிசைப்படுத்தினால், பிறந்த மாதத்துக்குத்தான் பாதிப் பரிசு போகிறது.

இதையெல்லாம் உணர்ந்த அரசுகள் உண்டு. சிங்கப்பூர் 2018 செப்டம்பரில் அறிவித்து, 2019 முதல் தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளை நீக்கியது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற விவரத்தையும் தேர்ச்சி அறிக்கையிலிருந்து எடுத்தது. தேர்வுக்குப் பெயர்போன நாடு இதைச் செய்தது துணிச்சல்தான். ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பொதுத்தேர்வு அங்கே தொடர்கிறது. அது நிற்கும்வரை கீழ்வகுப்புப் பெற்றோரின் கவலை முழுவதும் கரைந்துவிடாது. இங்கிலாந்தில் ஏழு வயதில் எழுத வேண்டியிருந்த தேர்வுகள் 2023-24 முதல் பள்ளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டன. பின்லாந்தில் நாடு முழுவதற்குமான பெருந்தேர்வு மேல்நிலைக் கல்வியின் முடிவில்தான் வருகிறது.

விவரக் குறிப்பு

காகிதத்தில் பார்த்தால் இதுவே மிக அழகான வழி. பிள்ளையை அச்சுறுத்தாது, ஒப்பிடாது, ஆண்டு முழுவதும் கூடவே வரும். இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரிய ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. வெறும் மதிப்பெண் பெற்ற குழுவையும், மதிப்பெண்ணோடு கருத்தும் பெற்ற குழுவையும்விட, கருத்து மட்டுமே பெற்ற குழு அடுத்த முறை நன்றாகச் செய்தது. எண்ணைப் பார்த்த கண் கருத்தைப் படிப்பதில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நாம் பேசும் வயதைவிடச் சற்று மூத்த பிள்ளைகள். இருந்தாலும் அதன் பாடம் இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நடைமுறைக்கு வந்ததும் கதை மாறுகிறது. வியட்நாம் 2014இல் தொடக்கப்பள்ளிகளில் அன்றாட மதிப்பெண்ணை நீக்கி, ஆசிரியர்கள் கருத்து எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதி எழுதி ஆசிரியர்கள் களைத்துப்போனார்கள். சிலர் "நன்று", "இன்னும் முயற்சி தேவை" போன்ற வாசகங்களை முத்திரைக் கட்டையாகச் செய்து குறிப்பேடுகளில் அடித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்ய முடியாத வேலையைக் கொடுத்தவர்கள்தான் பொறுப்பு. 2016இல் ஆணை திருத்தப்பட்டது. இத்தாலி 2020இல் தொடக்கப்பள்ளி மதிப்பெண்களை நீக்கி, ஒவ்வொரு கற்றல் நோக்கத்துக்கும் நான்கு நிலைகளில் விவரித்து எழுதும் முறையைக் கொண்டுவந்தது. பெற்றோருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்ற காரணம் காட்டி, 2025இல் ஒற்றைச் சொல் தரநிலைகளுக்குத் திரும்பிவிட்டது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முழுமையான தொடர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் நடத்தும் தொகுத்தறி மதிப்பீடு என்ற சொற்கள் ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சுக்குள் வந்தன. வளரறி என்ற கருத்து அருமையானது: பயிர் வளரும்போதே பார்த்து நீர் விடுவது. ஆனால் அதற்கு நாற்பது, தொகுத்தறிக்கு அறுபது என்று மதிப்பெண் பிரித்த கணமே அது இன்னொரு சிறு தேர்வாகிவிட்டது. செயல்பாடு, ஒப்படைப்பு, பதிவேடு என்று காகிதம் பெருகியது. பதிவேடு நிரம்பியதா என்று பார்க்க அதிகாரி வந்தார். பிள்ளை வாசிக்கிறதா என்று பார்க்க யாரும் வரவில்லை.

இந்த முறையின் இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. ஆசிரியரின் பார்வையே கருவி என்றால் அந்தப் பார்வையின் சாய்வும் கூடவே வரும். முன்வரிசையில் துடிப்பாகக் கை உயர்த்தும் பிள்ளை கண்ணில் படுவாள். வாயே திறக்காத பிள்ளை "அமைதியானவர், நல்ல ஒழுக்கம்" என்ற வரியோடு மூன்றாம் வகுப்புவரை வந்துவிடுவாள். எழுத்துத் தேர்வு எவ்வளவு முரட்டுத்தனமானதாக இருந்தாலும், இவளை ஒருமுறையாவது ஆசிரியர் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்.

அருகில் அமர்த்திக் கேட்பது

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அறிய இந்தியக் கிராமங்களில் 2005 முதல் நடந்துவரும் ஏசர் (ASER) ஆய்வு இந்த வழியின் வலிமைக்கு நல்ல சான்று. தன்னார்வலர் வீட்டுக்கே போய் ஒரே ஒரு தாளைப் பிள்ளையிடம் நீட்டுகிறார். எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை, அவ்வளவுதான். சில நிமிடங்களில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியவில்லை என்ற செய்தி இந்த எளிய தாளிலிருந்துதான் வெளிவந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பும் நிலை ஏறத்தாழ அதுவே, பின்பும் அதுவே. பழைய பாணித் தேர்வுகள் இருந்த காலத்திலும் அவை இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தமிழ் வாசிப்பை எடுத்துக்கொண்டால் இந்த முறையின் அருமை இன்னும் விளங்கும். "கோடி" என்பதைக் "கொடி" என்று வாசிக்கும் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் பிரியவில்லை. "கொடி" என்ற சொல்லில் "கெ" என்று தொடங்கி, துணைக்காலைக் கண்டதும் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு, எழுத்தின் இரு பக்கமும் நிற்கும் குறிகள் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடவில்லை. "பழம்" என்று சரியாக வாசித்துவிட்டு "பளம்" என்று எழுதும் பிள்ளைக்கு வாசிப்பில் சிக்கலே இல்லை. மூவருக்கும் மூன்று வேறு மருந்து. எழுத்துத் தேர்வில் மூவரும் பத்துக்கு ஐந்து வாங்கி ஒரே வரிசையில் நிற்பார்கள். விவரக் குறிப்பில் மூவருக்கும் "வாசிப்பில் பயிற்சி தேவை" என்று எழுதப்படும். காதால் கேட்ட ஆசிரியருக்கு மட்டுமே நாளை யாருக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று தெரியும்.

இதற்கும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒலிப்பு வாசிப்புச் சோதனை நடக்கிறது. நாற்பது சொற்கள், அவற்றில் இருபது பொருளற்ற கற்பனைச் சொற்கள், மனப்பாடம் உதவாமல் இருப்பதற்காக. ஆசிரியரே பிள்ளையை அருகில் அமர்த்திக் கேட்கிறார். வடிவமைப்பு நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் தேறுவதற்கான எல்லை 32 என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. முடிவுகளில் 31 பெற்றவர்கள் மிகக் குறைவாகவும் 32 பெற்றவர்கள் திடீரென மிக அதிகமாகவும் இருந்தார்கள். 2014 முதல் எல்லையை முன்னதாக அறிவிப்பதை நிறுத்தினார்கள். பள்ளியின் பெயர் ஓர் எண்ணில் தொங்கும்போது, மிக மென்மையான சோதனையும் தேர்வாகவே மாறிவிடுகிறது. வேகத்தைக் கடிகாரம் வைத்து அளக்கும் வடிவங்களும் இருக்கின்றன. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று துரத்தினால் பொருள் புரியாமல் ஓட்டிப் படிக்கும் பழக்கம் வந்துவிடும்.

எதை எங்கே வைப்பது

என் முடிவு தெளிவானது. முதல் மூன்று வகுப்புகளில் அருகில் அமர்த்திக் கேட்பதே முதன்மை மதிப்பீடாக இருக்க வேண்டும். எழுத்து வேலை அன்றாடப் பயிற்சியாக இருக்கட்டும். எழுதாமல் எழுத்து வராது. மதிப்பெண்ணும் இடமும் வேண்டாம். விவரக் குறிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை போதும். அதிலும் பொதுப் புகழ்ச்சியோ பொதுக் குறையோ வேண்டாம்: "குறில் சொற்களைத் தடையின்றி வாசிக்கிறாள். நெடில் வரும்போது தடுமாறுகிறாள். இரவில் ஐந்து நிமிடம் உடன் அமர்ந்து வாசியுங்கள்" என்ற அளவில் மூன்று வரி. வாசிக்கத் தெரியாத பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் முன்னாலேயே பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்ல வேண்டும். பத்துக்கு மூன்று என்ற எண்ணைவிட அது அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

நேரம் எங்கே என்ற கேள்வி உடனே வரும். வகுப்பில் முப்பத்தைந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 175 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. பத்து வேலை நாள்களுக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினெட்டு நிமிடம் கூட ஆகாது. மற்ற பிள்ளைகள் படம் வரையவும் சிறு புத்தகங்கள் புரட்டவும் அந்த நேரம் போதும். தேர்வு வாரம், அதற்கு முந்தைய திருப்புதல் வாரம், விடைத்தாள் திருத்தும் நாள்கள் என்று இப்போது செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிக்கனம். ஆனால் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முதலில் இன்னோர் ஆசிரியர் வேண்டும்; அதைக் கொடுக்காமல் மதிப்பீட்டை மட்டும் மாற்றுவது அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

கேட்டறிந்ததை வைத்து என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்த்துக் கற்பிக்க வழிசெய்தது. மதிப்பீட்டையும் மறுநாள் பாடத்தையும் இணைக்கும் இந்த எண்ணம் சரியானது. அந்த நிலைகள் பிள்ளைமேல் ஒட்டிய பட்டமாகிவிடாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி கேட்டு இடம் மாற்ற வேண்டும்.

இன்னும் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசிரியர் தன் குறிப்பேட்டில் எழுதும் அந்தச் சில வரிகள் வகுப்பறையைவிட்டு வெளியே போகக் கூடாது. மேலதிகாரிக்கு மாநில நிலவரம் தெரிய வேண்டுமென்றால், சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, வெளியாட்களைக் கொண்டு தனியே ஆய்வு நடத்திக்கொள்ளட்டும். ஆசிரியரின் குறிப்பைச் செயலியில் ஏற்றச் சொல்லி, பள்ளிகளை வரிசைப்படுத்தத் தொடங்கினால், இங்கிலாந்தில் 32இல் குவிந்த கூட்டம் இங்கேயும் குவியும்.