லோ சோடியம் உப்பு: வாங்கலாம், ஆனால் தனி டப்பாவில் வையுங்கள்

வீட்டுக்காரருக்கு பிரஷர் என்று தெரிந்ததிலிருந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் இந்த உப்பை வாங்கி வருகிறேன். விலை சாதா தூள் உப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சமாச்சாரம். பொட்டாசியம் உடம்பில் இருக்கிற சோடியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், ரத்தக்குழாயையும் தளர்த்தும். சீனக் கிராமங்களில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தபோது பக்கவாதம் குறைந்தது என்று 2021இல் ஆய்வு வந்தது.

ருசிக்கு வருவோம். ராகிக் களியில் வித்தியாசமே தெரியவில்லை. புளிக்குழம்பு, கீரைக் கடையல் எல்லாவற்றிலும் அப்படித்தான். மோரில் போட்டால் மட்டும் குடித்து முடித்த பிறகு அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு. மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூளோடு தூவினால் அந்தக் கசப்பு பளிச்சென்று தெரிகிறது. நல்ல மாங்காயைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதற்குக் கல்லுப்புத்தான். உப்பு உறைக்கவில்லை என்று கூடுதலாக ஒரு ஸ்பூன் போட்டால், கொடுத்த காசு தண்டம்.

பொட்டாசியத்துக்காகவே வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கால் பங்கு கலந்த உப்பு 5 கிராமில் கிடைப்பது சுமார் 650 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மி.கி. வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி கீரை, கொள்ளு, ராகி, பாலக்கோடு தக்காளி, வாழைப்பழம் என்று சாப்பாட்டில்தான் வரவேண்டும். இதெல்லாம் நம் பக்கம் சந்தையிலேயே கிடைக்கிறது.

என் பெரிய குறை பாக்கெட் மேல்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதைப் பின்பக்கம் எறும்பு சைஸில், அதுவும் இங்கிலீஷில் போட்டிருக்கிறார்கள். என் மாமியாருக்கு கிரியாட்டினின் அதிகம், அதாவது கிட்னி சரியாக வேலை செய்யவில்லை. கிட்னி பொட்டாசியத்தை வெளியே தள்ளாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அதனால் அவருக்குத் தனியாகச் சாதா உப்பு, அதுவும் டாக்டர் சொன்ன அளவுதான். இரண்டு டப்பாவுக்கும் வேறு வேறு நிற மூடி போட்டிருக்கிறேன். டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். அதைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அம்லோடிபின் என்கிற வேறு பிரஷர் மாத்திரைதான், கிட்னியும் சரியாக இருக்கிறது, அதனால் டாக்டர் சரி என்றார்.

அப்புறம், மழைக்காலத்தில் சீக்கிரம் கட்டி தட்டுகிறது. அரைக் கிலோ பாக்கெட் போட்டால் தேவலை.