எல்லாவற்றையும் நாமே கட்டுவதா, வீட்டின் எலும்புக்கூட்டை மட்டும் மேஸ்திரியிடம் விடுவதா?

கட்டுமான அனுபவம் இல்லாத கணவன் மனைவி சொந்த வீடு கட்ட முனையும்போது, அஸ்திவாரம் முதல் வர்ணம் வரை தாங்களே செய்வது ஒரு வழி; அஸ்திவாரம், தூண், உத்திரம், கூரை ஆகியவற்றைத் தேர்ந்த மேஸ்திரியிடம் விட்டு, எஞ்சியதைத் தாங்கள் ஏற்பது மற்றொரு வழி.

முதல் வழியில் கூலி பெருமளவு மிச்சமாகும். வீட்டின் ஒவ்வொரு மூலையும் கட்டியவர்களுக்கே தெரிந்திருப்பதும் சிறிய லாபமன்று. ஆனால் கான்கிரீட் பிழை பொறுக்காது. கலவை இறுகுகிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் கொட்டுவது எளிதாகும், வலிமையோ குறைந்துவிடும். கான்கிரீட் கொட்டும் அச்சுப் பலகையைத் தொடாதபடி கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைக்க மறந்தால், கம்பி அப்பலகையோடு ஒட்டி நின்று, காலப்போக்கில் துருப்பிடித்துப் பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். இத்தகைய தவறுகளைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம்.

பூச்சு, டைல்ஸ், வர்ணம் அப்படியல்ல. பிழைத்தால் பெயர்த்தெடுத்து மறுபடி செய்யலாம். ஆகவே இரண்டாம் வழியே என் தேர்வு. அதிலும் தம்பதியர் செய்யத்தக்க அரிய வேலை ஒன்றுண்டு: கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயாமல் காப்பது. கூலியாட்கள் அவசரத்தில் தவறவிடும் இதனை வீட்டுக்காரரின் அக்கறையே ஒழுங்காக நிறைவேற்றும்.

முதல் வழியையே விரும்புவோர், முன்னதாக ஒரு சிறு கொட்டகை கட்டிப் பழகுவதும், கம்பி கட்டி முடித்தவுடன், கான்கிரீட் கொட்டுமுன், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதும் அவசியம்.