பத்மினியின் இக்னிஷன்: நாங்குநேரி வெயிலிலும் குற்றாலச் சாரலிலும்

பல வருசமாகப் பிரீமியர் பத்மினி கார் ஓட்டுகிறேன். இந்த 1089 சிசி எஞ்சினில் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் சாமான்கள், அதாவது கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட், அது கருகாமல் காக்கும் கண்டன்சர், கரண்டைப் பொறிக்கு வேண்டிய அளவு ஏற்றிக் கொடுக்கும் காயில் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் மாற்றுவது சுலபம். எதை மாற்றுவது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. அதுவும் சித்திரை வெயிலில்.

நாங்குநேரி தாண்டும்போது உச்சி நேரத்தில் வண்டி திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் மரத்தடியில் போட்டால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். காயில் சூடேறினாலும் இப்படித்தான் நிற்கும். பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இப்படித்தான் நிற்கும். இரண்டுமே ஆறினால் சரியாகிவிடும் என்பதால், ஆறிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டிப் பயனே இல்லை. பாளையங்கோட்டையில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் சொல்வார்: "அண்ணாச்சி, சூட்டோட சூட்டா கரண்ட பாத்துருங்க."

நின்றதும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பில் காயிலிலிருந்து வரும் நடு ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் எஞ்சின் இரும்புக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்வேன். பொறி நீலமாகச் சடசடவென்று வந்தால் காயில் தேறியது. அப்போது சந்தேகம் பெட்ரோல் பம்பின் மேல்; அது ஆற ஈரத்துணி போட்டுப் பார்க்கலாம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ காயில் அல்லது கண்டன்சர். கண்டன்சரைப் பாயிண்டே காட்டிக்கொடுத்துவிடும்: முகம் கருகி, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. தேய்த்து 0.45 மி.மீ. இடைவெளி வைத்தாலும் சீக்கிரமே மறுபடி கருகும். கண்டன்சரை விட்டுவிட்டுப் பாயிண்ட் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. என் வண்டியில் கடைசியில் குற்றவாளி என்று பிடிபட்டது காயில்தான். ஆறியிருக்கும்போது மீட்டரில் சரியாக 3 ஓம் காட்டும். சூடானால் உள்கம்பி விட்டுப்போகும்.

குற்றாலப் பக்கம் கோளாறே வேறு மாதிரி. ஆனி, ஆடிச் சாரலில் மிஸ் அடித்தால் கேப், பிளக் ஒயர் மேல்தான் சந்தேகம். இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது கையை ஒட்டாமல் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கரண்ட் கசியும் இடம் நீலமாக மின்னும். கேப்புக்குள் மயிரிழை போல ஒரு கரிக்கோடு இருந்தாலே போதும். துடைத்தால் தீராது, மாற்றத்தான் வேண்டும். ஒயரை ஒவ்வொன்றாகவே கழற்றி மாட்டுங்கள். மாறிப்போனால் பொறி வரிசை கெடும்; சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2.

பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்கிறார்கள். நல்லதுதான், பாயிண்ட் கருகும் தொல்லை இல்லை. ஆனால் வழியில் அது போய்விட்டால் கைவசம் வைத்தியம் இல்லை. பாயிண்டும் கண்டன்சரும் ஸ்பேர் கிடந்தால், பணகுடியில் நின்றாலும் நானே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வேன். அதனால் பாயிண்டிலேயே இருக்கிறேன்.