'எல்லா மெஷின்லயும் ஓப்பன் ஆகுது சார்' என்றதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

மதுரையில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடிக்கிற சின்ன அச்சகம் என்னுடையது. டிசைனுக்கு 2015-இல் வாங்கிய ஐமேக், பில் போட ஒரு விண்டோஸ் 11, டைப்செட்டிங்குக்கு இன்னொரு விண்டோஸ், கட்டிங் பிளாட்டரை விட்டுப் பிரியாத ஒரு விண்டோஸ் 7. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓடுவதுதான் எங்கள் நெட்வொர்க்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று 2024 ஜனவரியில் ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். பெயரை எழுதப்போவதில்லை, விஷயம் நுகர்வோர் கமிஷனில் இருக்கிறது. "நாஸ் போட்டுரலாம் சார். ரெண்டு 4 டிபி டிஸ்க், மிரர். ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும்" என்றார். நாஸ் என்பது எல்லா மெஷினும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்கிற டிஸ்க் பெட்டி. 46,000 ரூபாய். வருடத்துக்கு ஏஎம்சி, அதாவது பராமரிப்பு ஒப்பந்தம், 9,000 தனி. வந்தது நாஸ் அல்ல, பழைய கேபினெட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் ஏற்றிய ஒரு கம்ப்யூட்டர். அதில் தப்பில்லை. சாம்பா என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் லினக்ஸ் பெட்டி விண்டோஸோடும் மேக்கோடும் ஒரே மொழியில் பேசும், 1992-லிருந்து இருக்கிற சமாச்சாரம் அது. ஒழுங்காக அமைத்தால் நாஸை விட நன்றாகவே ஓடும்.

மாலை ஆறு மணிக்கு நான்கு மெஷினிலும் ஒரே ஃபோல்டரைத் திறந்து காட்டினார். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. சர்வர் பாஸ்வேர்டைக் கேட்டேன். "அது கஸ்டமருக்குக் கொடுக்கறதில்ல சார், தெரியாம எதையாவது மாத்திட்டா எங்க தலையில விழும்." சரி என்று ஜிபே பண்ணிவிட்டேன். கையில் கிடைத்தது எஸ்டிமேட் சீட்டு மட்டும். ஜிஎஸ்டி பில் இல்லை.

ஒரு வாரத்தில் முதல் பிரச்சினை. ஐமேக்கில் வேலை செய்த ஃபோல்டரை விண்டோஸில் திறந்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் புள்ளியும் கீழ்க்கோடுமாகத் தொடங்குகிற பெயரில் ஒரு குட்டி ஃபைல், 4 கேபி. ஆளைக் கூப்பிட்டேன். பார்த்ததும் "வைரஸ்" என்றார். மெஷினுக்கு 1,800 வீதம் நாலுக்கும் ஆன்டிவைரஸ், 7,200 ரூபாய். அது வைரஸே இல்லை. மேக் தன் சொந்தக் குறிப்புகளை எழுதி வைக்கிற ஃபைல்தான் அது. சாம்பாவில் 'ஃப்ரூட்' என்றொரு மாட்யூல் இருக்கிறது, அமைப்பு ஃபைலில் நாலைந்து வரி சேர்த்தால் புதிதாக அந்தக் குட்டி ஃபைல் விழாது. எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது.

இரண்டாவது அடி இதைவிடப் பெரியது. பழைய வேலையெல்லாம் ஐமேக்கில் பாதி, விண்டோஸில் பாதி என்று கிடந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டியிருந்தார். அதில் 'கோயில் நோட்டீஸ்' என்று இரண்டு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், அடுத்தடுத்து. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "தமிழ்ல பேர் வச்சா அப்படித்தான் சார் குழப்பும், இங்கிலீஷ்ல வைங்க" என்றார். டிசைன் பையன் ஒரு ஃபோல்டரில் பங்குனிப் பொங்கல் நோட்டீஸைத் திருத்தி வைத்தான். பிரிண்ட் போடுகிறவர் இன்னொன்றைத் திறந்து அடித்தார். 2,000 நோட்டீஸ், போன வருடத் தேதியோடு. ஊர்ப் பெரியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, நான் ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. 'கோ' என்பதில் வரும் ஓகாரக் குறியை விண்டோஸ் ஒரே குறியீடாக வைக்கும். எங்கள் பழைய ஐமேக் அதையே முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. திரையில் ஒரே எழுத்து, லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். கொ, கோ, கௌ வருகிற பெயர்களுக்கெல்லாம் இந்தக் கதிதான். மேக்கிலிருந்து காப்பி செய்யும்போதே மாற்றிக்கொள்ள வழி உண்டு, பிறகு சரிசெய்ய 'கான்வ்எம்வி' என்ற கருவியும் உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. தெரியாததை மறைக்கத் தமிழ் மேல் பழியைப் போட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

2025 மார்ச்சில் பில் மெஷினுக்கு விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்தது. சர்வர் திறக்கவில்லை. அடையாளம் காட்டாத கெஸ்ட் நுழைவைப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று ஒரு செய்தி. விண்டோஸ் 11 ப்ரோவில் இது அந்த அப்டேட்டிலிருந்து இயல்பாகவே அப்படித்தான். அவர் தன் வீட்டிலிருந்தே என் மெஷினுக்குள் நுழைந்தார், பத்து நிமிடத்தில் திறந்து கொடுத்தார், 3,500 வாங்கிக்கொண்டார். நான் அனுமதி எதுவும் அழுத்தாமலேயே எப்படி உள்ளே வந்தார் என்பது அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

தங்கை மகன் கோவையில் படிக்கிறான். லீவுக்கு வந்தவனை உட்காரவைத்தேன். பில் மெஷினைப் பார்த்ததுமே, "மாமா, ஃபயர்வால் ஆஃப்ல இருக்கு, எஸ்எம்பி 1 ஆன்ல இருக்கு. யார் பண்ணா இத?" என்றான். ஃபயர்வால் வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கிற காவல். எஸ்எம்பி 1 என்பது நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வுக்கான பழைய நெறிமுறை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதையே நிறுத்தத் தொடங்கிவிட்டது. போனில் கேட்டபோது அவர், "பழைய விண்டோஸ் 7 இருக்கே சார், அதுக்கு அது வேணும்" என்றார். பொய். விண்டோஸ் 7 எஸ்எம்பி 2 பேசும். எக்ஸ்பிக்குத்தான் 1 வேண்டும்.

சர்வருக்குள் போக பாஸ்வேர்டு இல்லாததால் பென் டிரைவில் பூட் செய்து பார்த்தான். எல்லா ஃபோல்டருக்கும் அனுமதி எண் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அதாவது என் கணக்கு ஃபோல்டரைக் கடை வைஃபையில் ஒட்டிக்கொண்ட எந்த கஸ்டமரும் திறந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு லாகின் போட்டு, யாருக்கு எது என்று பிரிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளை மிச்சம் பிடித்திருக்கிறார்.

"இன்னொரு டிஸ்க்கையே காணோம் மாமா" என்றான் அடுத்து. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். டிஸ்க் இரண்டும் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். மேலே இருந்தது சூடு, கீழே இருந்தது ஜில்லென்று. நாலு ஸ்க்ரூவும் இறுக்கமாகப் போட்டிருந்தது. பவர் கனெக்டர் மட்டும் கேபிள் டையோடு சுருண்டு ஓரமாகத் தொங்கியது. பதினான்கு மாதம் அது ஒரு நொடி கூடச் சுற்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் மொத்த ஓட்ட நேரம் 31,000 மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் என்னிடம் வந்த பிறகு 10,000 மணிதான் ஆகியிருக்கும். புதுசு என்று சொல்லி விற்றது எங்கேயோ இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்த டிஸ்க்.

இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. தனித்தனிப் பாஸ்வேர்டு, எஸ்எம்பி 1 போயிற்று, அவர் வைத்திருந்த ரிமோட் மென்பொருளும் போயிற்று. மிரர் இருந்தாலும் கைதவறி அழித்தால் இரண்டிலும்தான் அழியும் என்பதால், வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

உங்கள் கடைக்கு யாராவது இந்த வேலைக்கு வந்தால், அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கின் ஓட்ட நேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மிரர் என்றால் உங்கள் கண்ணெதிரே ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஃபைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியபோது அவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது, பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் என்றால் விலக்கு உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ரசீதையும் வாட்ஸ்ஆப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி: "சார், ஏஎம்சி ரினியூவல் டியூ." தொங்கிக்கொண்டிருந்த கனெக்டரின் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.