கடைமடைக்கு வரும் ஆற்றுநீர்: பயன்படுத்துகிறவனின் மதிப்பீடு

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் வழியாக எங்கள் கடைமடை வயலுக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே எங்கள் சாகுபடி அமைகிறது. ஜூன் 12 என்ற வழக்கமான திறப்பு நாளும் இப்போது நிலையாக இல்லை. 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28 என்று அணையின் இருப்பைப் பார்த்து முன்னும் பின்னும் நகர்கிறது.

பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்காக, ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் ஒப்புக்கொண்ட 10 கோடி டாலர் கடனுதவியுடன் வெண்ணாற்று உபவடிநிலத்தில் (அந்த ஆறும் கிளைகளும் பாய்ந்து வடியும் பகுதியில்) எடுக்கப்பட்ட பணிகளில், அடப்பாறு, அரிச்சந்திரா நதி போன்றவற்றின் கரைகளைப் பலப்படுத்தியது பாராட்டத்தக்கது. ஆனாலும் எங்களுக்கு உயிர்நாடி முகத்துவாரத்தை ஒட்டிய இயக்கு அணைதான். கோடையில் கடல்நீர் ஆற்றில் ஏறாமல் தடுப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்தை வடியவிடுவதும் அதன் பொறுப்பு. ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) வரும்போது ஷட்டரை இறக்கி, வற்றும்போது தூக்க வேண்டும். கடலோ நாளுக்கு இரண்டு முறைதான் வற்றுகிறது. அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் சம்பாப் பயிர் மேலும் அரை நாள் மூழ்கிக் கிடக்கும். கடல் மட்டம் உயர உயர, வடிவதற்குக் கிடைக்கும் நேரமும் சுருங்கும். புயல் நாளில் காற்றே கடலைக் கரைக்குத் தள்ளுவதால், வற்றியதா என்பதே தெரியாது.

சென்ற ஐப்பசியில் எங்கள் வாய்க்காலின் சிறு மதகில் திருகுக் கம்பி கிரீஸ் காணாமல் துருவேறி இறுகியிருந்தது. அதைத் திருகும் சாவி பக்கத்து ஊரிலிருந்து வருவதற்குள் ஓதம் திரும்பிவிட்டது. மதகை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை நாங்கள் நால்வர் இடுப்பளவு நீரில் நின்று அரிவாளால் அறுத்துக் கரையேற்றினோம். அப்படியும் தண்ணீர் மூன்று நாள் நின்று, பள்ளத்து வயலில் தூர் அழுகியது. (மேட்டு வயல்காரர் இதை நம்பமாட்டார், அவருக்குத் தண்ணீர் வரவில்லை என்பதுதான் எப்போதும் குறை.)

ஆகவே கட்டுமானத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; எங்கள் மதகை இயக்கும் முறைக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. லஸ்கர் (மதகை இயக்கும் பாசனப் பணியாளர்) மழைக்காலத்தில் ஊரிலேயே தங்கி, அன்றைய ஓத நேரத்தை மதகடிப் பலகையில் எழுதி வைத்தாலே இன்னொரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன்.